டெல்லா கதவைத் திறக்கும் இடம்

ஜோதிமணிக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போது மட்டும் கை அசையாமல் நிற்கும். அது பிழைப்பு கற்றுக்கொடுத்த பழக்கம். ஊசியைக் கீழே வைத்ததும் மறுபடி ஆரம்பித்துவிடும். போனை எடுப்பாள், எதையும் பார்க்காமல் வைப்பாள். ஷார்ஜாவிலிருந்து அஜ்மான் வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் தமிழ் மன்றத்தின் நாடகம். அதில் அவள்தான் கதாநாயகி. மேடை பயம், போய் நின்றால் சரியாகிவிடும் என்று பார்த்தவர்களெல்லாம் வைத்தியம் சொன்னார்கள். மேடையை நினைத்து அவளுக்குப் பயமே இல்லை. தன்னைச் சுற்றி என்னவோ நடக்கிறது, தனக்கு மட்டும் சொல்லாமல் நடக்கிறது என்பதுதான் அவளை உட்காரவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தது.

நாடகம் உமாபதியின் யோசனை. உமாபதி பாலங்கள் டிசைன் செய்கிற என்ஜினீயர், மன்றத்தின் கலைப்பிரிவுச் செயலாளர், ரொம்ப நல்ல மனிதர். ரொம்ப நல்ல மனிதர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது ஜோதிமணிக்கு அப்போது தெரியாது. லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவர் ஒரு அமெரிக்க நாவலை வாங்கி, விமானத்திலேயே பாதியைப் படித்து, மீதியை வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்காமல் படித்து முடித்து, உடனே அதைத் தமிழில் நாடகமாக எழுத உட்கார்ந்துவிட்டார்.

டெல்லா என்கிற கறுப்பினப் பெண்ணின் கதை அது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, ஒரு மகள். புருஷன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். கறுப்பிக்கு வீடு தந்ததே பெரிது என்று வீட்டுக்காரன் உடைந்த குழாயைச் சரிசெய்யாமல் இழுத்தடிக்கிறான். பள்ளிக்கூடத்தில் மகளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளுகிறார்கள். சர்ச்சிலிருந்து பெண்கள் கேக்கும் கையுமாக வந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, புருஷனை எப்படிப் பிடித்துவைத்துக்கொள்வது என்று புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள். டெல்லா எல்லாரோடும் மல்லுக்கட்டி மகளை வளர்க்கிறாள். கடைசி அத்தியாயத்தில், கொட்டுகிற மழையில் புருஷன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். டெல்லா எழுந்து போவதில்லை. மகளுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். தட்டிப் பார்த்துவிட்டு அவன் போய்விடுகிறான். நாவல் அதோடு சரி.

டெல்லாவாக யாரைப் போடுவது என்று உமாபதி மன்றத்துப் பெண்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக ஜோதிமணியிடம் வந்தார். உங்கள் முகத்தில் ஒரு பாவம் இருக்கிறது, கண் பேசுகிறது, டெல்லாவே எழுந்து வந்த மாதிரி இருக்கிறது என்றெல்லாம் அடுக்கினார். மன்றத்திலேயே கறுப்பான பெண் அவள்தான் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு அந்த நாசூக்கு உண்டு. பெண் பார்க்கப் போகும்போதுதான் அது காணாமல் போய்விடும். ஜோதிமணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு சரி என்றாள். அப்புறம் ஒரு நாள் கமிட்டிக்காரர் ஒருவர், அமெரிக்கக் கறுப்பு வேறு நம்ம கறுப்பு வேறு, கொஞ்சம் மை பூசினால் எடுப்பாக இருக்கும் என்றார். மை டப்பா உள்ளே வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று அவள் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள். கிளினிக்கில் தன்னோடு வேலை பார்க்கும் கென்யா நர்ஸை நாடகத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். முகத்தில் கரியை அப்பிக்கொண்டு மறுநாள் எந்த மூஞ்சியோடு அவளுக்குக் குட் மார்னிங் சொல்வது? கமிட்டிக்காரர் மூக்கைச் சொறிந்துகொண்டு, பவுடராவது போடாமல் இருந்தால் சரி என்று போய்விட்டார்.

நாவலை அவள் பஸ்ஸில் படித்தாள், தெரியாத வார்த்தைகளைப் போனில் தேடித் தேடி. டெல்லாவுக்கு நடந்ததெல்லாம் தனக்கு நடக்காது என்று அவளுக்குத் தெரியும். தன் நிறத்தைப் பார்த்து எந்தப் போலீஸ்காரனும் துப்பாக்கியில் கை வைக்க மாட்டான். ஆனால் கேக்கும் கையுமாக வருகிற பெண்களை அவளுக்கு நன்றாகவே தெரியும். அவர்களுக்குக் கதவைத் திறக்காமல் இருக்கத்தான் இத்தனை காலமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மன்றத்தைப் பொறுத்தவரை ஜோதிமணியின் புருஷன் பாலமுரளி குவைத்தில், ஃபர்வானியாவில் இருக்கிறான். வேலை அப்படி, லீவே கிடைப்பதில்லை. இதில் ஃபர்வானியா மட்டும் உண்மை. அவன் இவளையும் மகள் இளவேனிலையும் விட்டுவிட்டுப் போய் நாலு வருஷமாகிறது. அதற்கு முன்னாலும் ஒரு முறை அப்படிப் போயிருக்கிறான். அப்போது இளவேனில் கைக்குழந்தை. ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து வாசலில் நின்று அழுதான். இவளும் அழுதுகொண்டே கதவைத் திறந்தாள். சில வருஷம் அப்படி ஒரு அருமையான புருஷனாக இருந்தான். பாத்திரம் கழுவினான், குழந்தையைப் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அப்புறம் ஒரு நாள் காலையில் டியூட்டிக்குப் போகிற சட்டையோடு போனவன் போனவன்தான். ஆறு வயது இளவேனில் மாதக்கணக்கில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஜோதிமணி அவளுக்கும் அந்த லீவ் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவன் இல்லாமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. குழந்தையின் விசாவை அம்மா எடுப்பதென்றால் அப்பனின் சம்மதக் கடிதம் வேண்டும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கெஞ்சிக் கூத்தாடி வாங்குவாள். இந்த முறை அவன் பதிலே போடவில்லை. அந்தக் கலக்கத்தில்தான் ஒரு நாள் ஒத்திகை முடிந்து, உமாபதியின் மனைவி சுசீலாவிடம் சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சுசீலா இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் மேல் சத்தியமாக இந்த விஷயம் என்னைத் தாண்டிப் போகாது என்றாள். அதற்கப்புறம் சில வாரம் கழித்துப் பாலமுரளியிடமிருந்து போனில் ஒரே ஒரு வரி வந்தது: நேரில் பேசிக்கலாம். எங்கே, எப்போது, ஒன்றுமில்லை. அவள் திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அதே சமயத்தில்தான் நாடகத்தின் முடிவும் மாறியது. குடும்பத்தோடு வந்து பார்க்கிற நாடகம் இப்படி மொட்டையாக முடியலாமா, புருஷன் வரட்டும், கதவு திறக்கட்டும், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போகட்டும் என்று கமிட்டி ஆரம்பத்திலிருந்தே முனகிக்கொண்டிருந்தது. உமாபதி அசைந்துகொடுக்கவில்லை. நாவலின் உயிரே அந்தக் கதவில்தான் இருக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டி வாதாடினார். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு சனிக்கிழமை வந்து, யோசித்துப் பார்த்தேன், டெல்லா கதவைத் திறக்கட்டும் என்றார். ஜோதிமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், புக்குல அவ திறக்கல."

"புக்கு அமெரிக்காவுல எழுதினது ஜோதிமணி. நாம பண்றது நம்ம ஜனங்களுக்கு. ஒரு குடும்பம் சேர்ற மாதிரி ஒரு நல்லது உண்டா சொல்லுங்க?"

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு நாடகத்துக்கு இவ்வளவு உருக்கமா என்று அவள் நினைத்தாள். எதிர்த்துப் பேச அலுப்பாக இருந்தது. நாடகம்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

டெல்லாவின் மகளாக நடிப்பது இளவேனில். பத்து வயது. தமிழ் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிற பிள்ளை. கடைசிக் காட்சியில் அவளுக்கு ஒரே வசனம்: அம்மா, அப்பா வந்திருக்காரு, கதவைத் திறங்க. அதை அவள் குளிக்கும்போதும் சொன்னாள், சாப்பிடும்போதும் சொன்னாள். கடைசி வாரத்தில் அவளும் ஒரு மாதிரி ஆகியிருந்தாள். அம்மா அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்தினாள். சொல்லாமலே தன் அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். ஒரு நாள் சுற்றி வளைத்து, நம்ம வீட்டுல எக்ஸ்ட்ரா தலகாணி இருக்காம்மா என்று கேட்டாள். எதுக்கு என்றால், சும்மா என்றாள்.

ஒத்திகையிலும் எல்லாம் கோணல்மாணலாக இருந்தது. புருஷனாக நடிக்கிற ராஜிக், காயல்பட்டினத்துக்காரர், ஷார்ஜாவில் அத்தர் கடை வைத்திருப்பவர், எல்லாக் காட்சிக்கும் வந்துவிட்டுக் கடைசிக் காட்சி வரும்போது மட்டும் கடையில் வேலை இருக்கிறது என்று நழுவினார். கதவைத் திறந்ததும் நீங்கள் எதுவும் நடிக்க வேண்டாம், வசனமும் வேண்டாம், அப்படியே நின்றால் போதும், மற்றதைத் திரை பார்த்துக்கொள்ளும் என்று உமாபதி திரும்பத் திரும்பச் சொன்னார். சுசீலா ஒரு புதுப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து, நாடகம் முடிந்ததும் இதைக் கட்டிக்கொள், போட்டோ எடுப்போம் என்றாள். இவள் உள்ளே போனால் பேசிக்கொண்டிருப்பவர்கள் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஷார்ஜாவில் வானிலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, வெயில்தானே. தன்னைத் தூக்கிவிட்டு வேறு யாரையோ போடப் போகிறார்கள் என்றுதான் ஜோதிமணி முதலில் நினைத்தாள். நாடகத்துக்கு முந்தைய நாள்வரை அப்படி எதுவும் நடக்கவில்லை. அதனால் அவள் படபடப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூட ஆடிட்டோரியம் நிரம்பி வழிந்தது. மேடையேறியதும் ஜோதிமணிக்கு உடம்பு லேசாகிவிட்டது. வீட்டுக்காரனோடு குழாய்க்காகச் சண்டை போட்டாள், ஜனங்கள் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளின் பையை முதல் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தாள், கைதட்டினார்கள். கேக்கோடு வந்த பெண்களை அவள் பார்த்த பார்வையில் அரங்கத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு தனிச் சிரிப்பு வெடித்தது. அது கென்யா நர்ஸின் சிரிப்பு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது அவளுக்கு, அந்தக் காட்சிக்கு வார்த்தை தேவைப்படவில்லை. ஜோதிமணிக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு வாரமாக வீணாகப் பயந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசிக் காட்சிக்கு முன்னால் மேடையில் வீட்டு சாமான்களை மாற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் குடிக்க ஒப்பனை அறைக்குப் போனாள். ராஜிக் அங்கே தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒட்டு மீசையைக் கழற்றியிருந்தார், முகம் கழுவியிருந்தார், சொந்தச் சட்டையைப் போட்டிருந்தார்.

அடுத்தது உங்கள் காட்சிதானே, கோட்டைப் போடவில்லையா என்று கேட்டாள். மழையில் வருகிற புருஷனுக்காகப் பழைய துணிக் கடையில் தேடிப் பிடித்த நீளமான கம்பளிக் கோட்டு அது. ராஜிக் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோட்டை வேற ஆளு போட்டிருக்காஹ."

"யாரு?"

"சொல்லக் கூடாதுண்டு உமாபதி சார் சொன்னாஹ. ஆனா ஜோதிமணி, எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. தெரியாம நீங்க போயி அந்தக் கதவத் தொறக்கக் கூடாது." அவர் எழுந்து நின்றார். "உங்க மாப்பிள்ளை வந்திருக்காஹ. குவைத்துலேருந்து. கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாஹ."

ஜோதிமணிக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. ராஜிக் மளமளவென்று சொன்னதிலிருந்து ஒருவாறு புரிந்துகொண்டாள். சுசீலா சத்தியத்தை மீறவில்லை. புருஷனிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். புருஷனிடம் சொல்வது சொன்னதில் சேராது என்பது நம் பெண்களின் சட்டம். உமாபதி குவைத்தில் இருக்கிற நண்பர்களைப் பிடித்து, அவர்கள் மூலம் பாலமுரளியைப் பிடித்து, வாரக்கணக்கில் போனில் புத்தி சொல்லி, கரைத்து, இன்று மத்தியானம் விமானத்தில் இறக்கி, சுடச்சுட மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பது என்றால் நம் ஆட்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சேர்ந்த பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரம் இருக்காது.

"இளாவுக்குத் தெரியுமா?"

ராஜிக் தலையை ஆட்டினார். சுசீலாதான் சொல்லியிருக்கிறாள், அம்மாவுக்கு சர்ப்ரைஸ் என்று. அப்போதுதான் அந்தத் தலையணை ஜோதிமணியின் நெஞ்சில் இறங்கியது. வாரம் முழுக்க அந்தக் குழந்தை அப்பாவுக்குப் படுக்கை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மணி அடித்தார்கள். யாரோ வந்து அவள் உடையில் மைக்கைச் சரியாகச் செருகிவிட்டு மேடைக்குத் தள்ளினார்கள்.

வெளிச்சம் வந்தது. மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பாத்திரம். சூப் என்று சுசீலா கொடுத்தனுப்பியது தக்காளி ரசம். எதிரே இளவேனில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் ஜொலித்தது. கதவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜோதிமணி ரசத்தை ஊற்றும்போது கரண்டி கிண்ணத்தில் இடித்துச் சத்தம் போட்டது. ரத்தம் எடுக்கும் கை அது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எங்கே ஓடுவது, ஒரு பக்கம் ஜனம், ஒரு பக்கம் அவன்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ராஜிக் ஒத்திகையில் கடன்காரன் மாதிரி படபடவென்று இடிப்பார். இது ஒற்றை விரலால் தட்டுகிற தட்டு. மெல்ல, விட்டு விட்டு. முதல் தடவை திரும்பி வந்தபோதும் இப்படித்தான் தட்டினான்.

"அம்மா, அப்பா வந்திருக்காரு. கதவைத் திறங்கம்மா."

வசனத்தில் கடைசி அம்மா கிடையாது. குழந்தை நடிக்கவில்லை. கெஞ்சினாள். அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஜோதிமணி எழுந்தாள். திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். குழந்தை பாய்ந்து போய் அவனைக் கட்டிக்கொள்வாள். ஜனம் எழுந்து நின்று கைதட்டும். சம்மதக் கடிதம் உடனே கிடைத்துவிடும். அவன் அஜ்மான் வீட்டுக்கு வருவான், பாத்திரம் கழுவுவான், மகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவான். அப்புறம் ஒரு நாள் காலையில் பால்கனியில் நிற்பது ஆறு வயதுக் குழந்தையாக இருக்காது. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கடிதத்தை மறந்துவிட வேண்டியதுதான், மகளை ஊருக்கு அனுப்பும்படிகூட ஆகலாம். எல்லாவற்றுக்கும் மேலே, இந்தக் குழந்தை தன்னை மன்னிக்காது. மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்காகத் திறந்துவிடலாம் என்றுதான் தாழ்ப்பாளில் கையை வைத்தாள்.

வைத்துவிட்டு அரங்கத்தைப் பார்த்தாள். முன்வரிசைகளில் அத்தனை பேரும் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். நாடகம் முழுக்க ஒருவரும் அப்படிப் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தன்னைத் தவிர அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தான் மட்டும் மாலை போட்ட ஆடு மாதிரி மேடையில் நிற்கிறோம் என்று நினைத்ததும் உச்சந்தலைவரை கோபம் ஏறியது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியும்," என்றாள் கதவைப் பார்த்து. மைக் அதை அரங்கத்தின் கடைசி நாற்காலிவரை கொண்டுபோனது. "உங்க மகளைப் பாக்க வந்திருந்தா நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாங்க. கூட யாரையும் கூட்டிட்டு வராதீங்க. முதல்ல அவளுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் என்கிட்ட பேசலாம். இந்தக் கதவை நான் திறக்க மாட்டேன்."

அவள் கதவோடு ஒட்டி நின்றாள். அவன் அப்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி என்று சொல்லியிருக்கலாம். இளா என்று கூப்பிட்டிருந்தால்கூடப் போதும். அவள் மனசு ஒன்றும் அவ்வளவு கெட்டியில்லை, கை மறுபடியும் தாழ்ப்பாளுக்குப் போயிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து உமாபதியின் குரல்தான் கேட்டது, இருங்க பாலா, ஒரு நிமிஷம் இருங்க என்று. பிறகு மரப்படிகளில் ஷூ இறங்குகிற சத்தம்.

நாற்காலி சரிந்து விழுந்தது. இளவேனில் ஓடிவந்து, அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு, எம்பித் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள். வெளியே உமாபதி நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் அந்தக் கம்பளிக் கோட்டு இருந்தது. அவருக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற கதவு திறந்து கிடந்தது.

"போயிட்டாரா அங்கிள்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இளவேனில் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உமாபதியின் முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்தினாள். துணியில் வரைந்த சுவர் முழுதும் ஆடியது. தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி வந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, உட்கார்ந்துகொண்டாள். பின்வரிசைகளில் விவரம் தெரியாதவர்கள், என்ன ஒரு காட்சி என்று கைதட்டினார்கள். முன்வரிசையில் போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

திரை விழவில்லை. பக்கத்து மறைவில் திரையின் பொத்தானுக்கு அருகே சுசீலா நின்றிருந்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கன்னமெல்லாம் நனைந்து. அவன் உள்ளே காலை வைத்ததும் திரையைப் போடு என்று உமாபதி அவளிடம் சொல்லியிருந்தார். காலை வைக்காவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. வெளிச்சம் அவர்கள் இரண்டு பேர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது.

ஜோதிமணி மேஜைக்கு வந்து மகளின் தோளைத் தொட்டாள். இளவேனில் கையைத் தட்டிவிட்டாள். அப்பா நம்மள விட்டுட்டுப் போனதை நீங்க எனக்குச் சொல்லியிருக்கணும் என்றாள் இங்கிலீஷில், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆமாம் என்றாள் ஜோதிமணி. தன் நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இளவேனில் ரசக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, நிமிர்ந்து பார்க்காமலே, சாய்ந்து அம்மாவின் கையில் தலையை வைத்துக்கொண்டாள். அந்தத் தலை கனத்தது. ஜோதிமணி அசையாமல் அதைத் தாங்கிக்கொண்டாள். இத்தனை பேர் பார்க்க இந்தக் குழந்தை இதற்கு மேல் அழக் கூடாது என்று தோன்றியது. மறைவின் பக்கம் திரும்பினாள்.

"சுசீலாக்கா, இனி யாரும் உள்ள வரப் போறதில்ல. திரையைப் போடுங்க."